வடம் நம் கையில், தேர் யாருடையது?

ஊர் கூடித் தேர் இழுக்கும் காட்சியைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவர். தேரைச் செய்த தச்சரும் அதற்குப் பொருள் கொடுத்த உபயகாரரும் ஒரு சிலரே. ஆயினும் வடத்தில் கை வைத்த ஒவ்வொருவரும் அன்று அத்தேரைத் தம்முடையதாகவே கருதுவர். குழந்தையைத் தோளிற் சுமந்து வரும் தந்தை, அதன் பிஞ்சு விரல் வடத்திற் படுமாறு குனிந்து கொடுப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அந்த விரல் தேரை ஓர் அங்குலமும் நகர்த்தாது. எனினும் வீடு திரும்பியதும் "நானும் இழுத்தேன்" என்று அக்குழந்தை பெருமையுடன் சொல்லும். பங்குகொள்வதில் மனிதருக்குள்ள இந்த இன்பம் மிகப் பழையது.

இந்த இன்பத்தையே முதலாக வைத்து இன்று வாணிக உலகம் ஒரு பெரும் உத்தியை வளர்த்துள்ளது. சமூக ஊடகங்களில் "சவால்" என்ற பெயரில் ஓர் ஆட்டத்தையோ ஒரு செய்கையையோ தொடக்கிவைத்து, பொதுமக்களே அதனைத் தாமும் செய்து படம் பிடித்து வெளியிடுமாறு தூண்டுவதே அந்த உத்தி. இதனைப் பற்றித் தமிழ்ப் பாடசாலை மலரில் எழுத வேண்டிய தேவை என்ன என்று சிலர் வினவலாம். தேவை உண்டு.

இவ்வாண்டு விழாவின் நுழைவுச்சீட்டு 15 டொலரிலிருந்து 20 டொலராக உயர்ந்தமை குறித்துப் பெற்றோர் பலர் வினவினர். வினவியது நியாயமே. நிகழ்ந்தது இதுதான். உணவுப்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்று மண்டப வாடகை முழுவதையும் தானே ஏற்க முன்வந்தது. அந்நிறுவனத்தின் புதிய பொட்டலம் ஒன்றைக் கையிற் பிடித்தவாறு, அதற்கென அமைத்த பாடலுக்கு எமது மாணவர் பதினைந்து விநாடி ஆட வேண்டும். பெற்றோர் அதனைத் தத்தம் கணக்குகளில் வெளியிட்டு, மேலும் மூன்று குடும்பங்களுக்குச் சவால் விட வேண்டும். அது கேட்ட கைம்மாறு இவ்வளவே. விழாக்குழுவின் கருத்து இரண்டாகப் பிரிந்தது. முதற் கூட்டத்தில் "ஏற்போம்" என்று கை உயர்த்தியவர்களுள் நானும் ஒருவன். இரண்டாம் கூட்டத்தில் நான் அக்கையை இறக்கிக்கொண்டேன். இரண்டு கூட்டங்களுக்கும் இடையில் நான் எண்ணிப் பார்த்தவற்றைப் பெற்றோர் முன் வைப்பது என் கடமையாகின்றது.

பழைய வழி

மக்களைப் பங்குகொள்ளச் செய்து பொருளை விற்கும் வழி சமூக ஊடகத்துடன் பிறந்ததன்று. நாம் வாழும் இந்த அவுஸ்திரேலியாவே அதற்குச் சான்று. நம் பிள்ளைகள் காலையிற் பாணில் பூசி உண்ணும் வெஜிமைட், 1923ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதற்குப் பெயர் சூட்டுவதற்கு நாடளாவிய போட்டி ஒன்று நடத்தப்பட்டது. பரிசுத் தொகை 50 பவுண். வந்து குவிந்த பெயர்களிலிருந்து நிறுவனத் தலைவர் பிரெட் வோக்கரின் மகள் ஒன்றைத் தெரிந்தெடுத்தாள் என்பர். 1937இல் அதே பொருளுக்காக நகைச்சுவைச் செய்யுட் போட்டி நடத்தி, பொன்ரியாக் கார்களைப் பரிசாக அறிவித்தனர். விற்பனை பெருகியது.

இவற்றில் ஒரு நேர்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதுபவர் தாம் ஒரு நிறுவனத்தின் போட்டிக்கு எழுதுகின்றோம் என்பதை அறிந்திருந்தார். பரிசு இன்னதென்று முன்னரே சொல்லப்பட்டது. அவருடைய முகமோ வீடோ பிள்ளையோ விளம்பரத்தின் உறுப்பாகவில்லை. அப்படியிருந்தும் ஒன்றைக் கவனியுங்கள். வெஜிமைட் என்னும் பெயர் நூறாண்டு கடந்தும் வாழ்கின்றது. அப்போட்டியில் வென்றவரின் பெயரை நிறுவனத்தின் வரலாறு காத்து வைக்கவில்லை.

சவால் இயங்கும் விதம்

இன்றைய சவாலுக்கு வழி காட்டியது வாணிகமன்று, ஓர் அறப்பணி. 2014ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவிற் பரவிய பனிநீர் வாளிச் சவாலை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம். இயக்க நரம்பணு நோய்க்கான ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டும் நோக்குடன், ஒருவர் தம் தலையிற் பனிநீரைக் கொட்டிக்கொண்டு வேறு மூவரைப் பெயர் சொல்லி அழைப்பார். சில வாரங்களில் அமெரிக்கச் சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டொலர் சேர்ந்தது. அப்பொருளின் உதவியுடன் நடந்த ஆய்வொன்றில், அந்நோயுடன் தொடர்புடைய மரபணு ஒன்று 2016இல் இனங்காணப்பட்டது. பலர் கூடி இழுத்தால் தேர் நகரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இதனைக் கண்ட வாணிக நிறுவனங்கள் இவ்வெற்றியின் கூறுகளைப் பிரித்துப் பார்த்தன. செய்கை எளிதாயிருத்தல் வேண்டும்; திறமை வேண்டப்படலாகாது. ஒருவர் செய்வதைக் கண்ட மாத்திரத்தில் மற்றவர் செய்யக்கூடியதாயிருத்தல் வேண்டும். காதில் ஒட்டிக்கொள்ளும் பாடல் ஒன்று வேண்டும். ஒரே குறிச்சொல்லின் கீழ் யாவும் திரளுதல் வேண்டும். முதலிற் சில புகழ்பெற்றோருக்குக் கூலி கொடுத்து ஆடச் செய்தால், பின்னர் வருவோர் கூலியின்றியே ஆடுவர். உத்தி முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்திலேயே அடங்கியுள்ளது.

2019ஆம் ஆண்டு சிப்போட்லே என்னும் அமெரிக்க உணவக நிறுவனம், குவாக்கமோலி என்ற அவக்காடோத் துவையலுக்காக டிக்டொக்கில் ஓர் ஆட்டச் சவாலை நடத்தியது. ஆறு நாள்களில் இரண்டரை இலட்சம் காணொளிகள் வந்தன. அவை 43 கோடி முறை ஓடின என்று அறிவிக்கப்பட்டது. இரண்டரை இலட்சம் விளம்பரப் படங்களைக் கூலிக்கு எடுப்பதாயின் எத்துணைப் பொருள் செலவாகும் என்பதைக் கணக்குத் தெரிந்தோர் எண்ணிப் பார்க்கலாம். அதே ஆண்டில் ஈ.எல்.எப். என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனம், கண், உதடு, முகம் என்று தன் பெயரின் விரிவையே ஒரு பாடலாக்கி வெளியிட்டது. பல இலட்சம் இளையோர் அப்பாடலுக்குத் தம் முகத்தைக் காட்டி ஆடினர்.

சில மாதங்களின் பின் என் வகுப்பிற் பயின்ற சிறுமி ஒருத்தி, இடைவேளையில் தோழியருடன் அப்பாட்டுக்கு அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தாள். "பிள்ளை, இது ஒரு விளம்பரமல்லவா?" என்று கேட்டேன். அவள் சற்றும் தயங்காமல், "இல்லை சேர், இது சலேஞ்" என்றாள். அன்று சிரித்துவிட்டு நகர்ந்தேன். விழாக்குழுவின் இரண்டாம் கூட்டத்துக்கு முன் என் நினைவில் மீண்டும் மீண்டும் வந்தது அந்த விடைதான்.

வடம் அறுந்த இடங்கள்

மக்களை அழைத்து வடத்தைக் கொடுத்தவர் எப்போதும் தாம் எண்ணிய திசையிலேயே தேரைச் செலுத்த முடிவதில்லை. 2011 ஒக்ரோபர் 29இல் குவாண்டாஸ் விமான நிறுவனம், தொழிற்சங்கங்களுடனான பிணக்கில் தன் விமானங்கள் அனைத்தையும் தரையில் நிறுத்தியது. பல்லாயிரம் பயணிகள் நடுவழியிற் தவித்தனர். அடுத்த மாதமே அந்நிறுவனம், "உங்கள் கனவுச் சொகுசுப் பயணத்தை எழுதுங்கள், முதல் வகுப்பு இரவு உடையைப் பரிசாகப் பெறுங்கள்" என்று டுவிட்டரில் அழைத்தது. குறித்த நேரத்தில் விமானம் புறப்படுவதே தமது கனவு என்று மக்கள் எழுதிக் குவித்தனர். 2009இல் வெஜிமைட்டின் புதிய வகை ஒன்றுக்குப் பெயர் கேட்டுப் பெறப்பட்ட பல்லாயிரம் பெயர்களுள் "ஐஸ்னாக் 2.0" என்பதை நிறுவனம் தெரிந்தெடுத்தது. எழுந்த ஏளனத்தைத் தாங்காது சில நாள்களிலேயே அதனைக் கைவிட்டு, வேறு பெயரை மக்கள் வாக்களிப்பின் மூலம் சூட்டியது. இவை நிறுவனங்களின் தலையில் விழுந்த குட்டுகள். நாம் நகைத்துவிட்டுப் போகலாம்.

நகைக்க முடியாத நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்காவில் பாக்கி என்னும் பெயருடைய நிறுவனம், உலகின் மிகக் கடுமையான மிளகாய் வகைகளைத் தூவிய ஒற்றைச் சிப்சைச் சவப்பெட்டி வடிவப் பெட்டியில் இட்டு விற்றது. அதனை உண்டுவிட்டு எவ்வளவு நேரம் நீரருந்தாமல் இருக்க முடியும் என்பதே சவால். 2023 செப்ரெம்பரில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் அதனை உண்ட 14 வயதுச் சிறுவன் ஒருவன் அன்றே இறந்தான். காரச் சத்து மிகுந்த உணவை உட்கொண்ட நிலையில் இதயம் செயலிழந்ததே காரணம் என மருத்துவ அறிக்கை பின்னர் கூறியது. அவனுக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு இருந்ததென்பதும் அதிற் குறிக்கப்பட்டிருந்தது. நிறுவனம் அப்பொருளைக் கடைகளிலிருந்து மீட்டுக்கொண்டது. வளர்ந்தோருக்கு மட்டுமே உரியது என்ற எச்சரிக்கை பெட்டியில் இருந்தது. ஆனால் எச்சரிக்கை பெட்டியிலும் அழைப்பு கைத்தொலைபேசியிலும் இருக்குமாயின், பதினான்கு வயது எதனைக் கேட்கும்?

எல்லாச் சவாலும் உயிர் பறிப்பன என்று நான் சொல்ல வரவில்லை. எமக்கு முன்வைக்கப்பட்ட பதினைந்து விநாடி ஆட்டத்தால் எந்தப் பிள்ளைக்கும் உடலூறு நேர்ந்திராது. எனது மறுப்பு வேறொன்று பற்றியது.

விளம்பரம் தருதல், விளம்பரமாதல்

நீங்கள் கையில் வைத்திருக்கும் இம்மலரின் பக்கங்களிலும் விளம்பரங்கள் உள்ளன. பலசரக்குக் கடை, நகைக் கடை, வீடு விற்பனை முகவர், கணக்காளர் என நம்மவர் பலர் தந்த விளம்பரங்களாலேயே இம்மலர் அச்சேறியது. அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். விளம்பரம் இழிந்ததன்று. ஆனால் மலரில் வரும் விளம்பரம் தன்னை விளம்பரம் என்று சொல்லிக்கொண்டே நிற்கின்றது. வாசிப்பவர் விரும்பினால் பார்ப்பார். இல்லையேற் பக்கத்தைப் புரட்டுவார். அதன் விலையும் அளவும் இருவருக்கும் தெரியும்.

சவாலில் நிகழ்வது அதுவன்று. அங்கே பிள்ளையே விளம்பரமாகின்றது. அதன் ஆட்டம், முகம், வீட்டின் கூடம், தோழர்மேல் அது வைத்துள்ள நம்பிக்கை ஆகிய யாவும் ஒரு பொட்டலத்தின் பின்னணியாகின்றன. கூலி இல்லை, பிள்ளை அறிந்து கொடுத்த இசைவும் இல்லை. ஒருமுறை வெளிவந்த காணொளியை முழுமையாகத் திரும்பப் பெறுவதும் அரிது. மூன்று குடும்பங்களுக்குச் சவால் விடுதல் என்பது இதனினும் நுண்ணியது. கடைக்காரர் அழைத்தால் "வேண்டாம்" என்று சொல்ல நமக்குத் தெரியும். நம் பிள்ளையின் நண்பன் அழைத்தால் எப்படிச் சொல்வது? நட்புக்காக இசைவதை வாணிகம் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கின்றது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று ஆறுதல் கொள்வோரும் உளர். 16 வயதுக்குட்பட்டோர் டிக்டொக், இன்ஸ்டகிராம், யூடியூப் முதலியவற்றிற் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க அந்நிறுவனங்களே தக்க நடவடிக்கை எடுத்தல் வேண்டும் என்ற சட்டம் இந்நாட்டில் 2025 டிசெம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. தவறின் 4.95 கோடி டொலர் வரை தண்டம். நல்லதே. ஆயினும் எமக்கு வந்த வேண்டுகோள் எப்படி அமைந்திருந்தது என்பதை மீண்டும் நோக்குக. வெளியிட வேண்டியவர் பிள்ளையல்லர், பெற்றோர். சட்டம் பிள்ளையின் கணக்கைக் காக்கலாம். நம் கணக்கிலிருந்து நம் பிள்ளையைக் காப்பது நம் பொறுப்பேயாம்.

இனி என் செய்வோம்?

குழு இறுதியில் அந்நிறுவனத்துக்கு மறுமொழி எழுதியது. மலரில் முழுப்பக்க விளம்பரம் தாருங்கள், மேடையிலும் நன்றி கூறுவோம், மாணவரை ஆடச் செய்ய இயலாது என்பதே அதன் சாரம். அவர்கள் அரைப்பக்கம் எடுத்துக்கொண்டனர். எஞ்சிய வாடகையே உங்கள் நுழைவுச்சீட்டில் ஐந்து டொலராக ஏறியது. நான்கு பேருள்ள குடும்பத்துக்கு அது இருபது டொலர் என்பதையும், இந்த விலைவாசியில் அது சிறு தொகையன்று என்பதையும் நாம் அறிவோம். குழுவின் முடிவு தவறென்று கருதுவோர் பொதுக்கூட்டத்தில் எடுத்துரைக்க வேண்டுமென்பதே என் விருப்பம்.

வீட்டிலே பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பிள்ளை ஒரு சவாலைக் கொண்டுவந்தால் உடனே கடிந்துகொள்ள வேண்டாம். பங்குகொள்ளும் ஆசை குற்றமன்று. அருகில் இருத்தி மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதனைத் தொடக்கியவர் யார்? இதனால் பயன் பெறுபவர் யார்? நாளை வேண்டாமென்றால் இதனைத் திரும்பப் பெற முடியுமா? மூன்றுக்கும் விடை கண்ட பின்னரும் ஆட விரும்பினால், அது அறிந்து ஆடும் ஆட்டமாகும்.

பாடசாலைக்கும் இதிற் பாடமுண்டு. எளிய செய்கை, இனிய பாட்டு, அடுத்தவரை அழைத்தல் என்னும் இம்மூன்றும் இலட்சக்கணக்கானோரை ஆடச் செய்யுமாயின், அவற்றை நாம் ஏன் தமிழுக்குப் பயன்படுத்தலாகாது? பேர்த்தி பாட்டியிடம் தான் அறியாத பத்துச் சொற்களைக் கேட்டறிந்து வகுப்பிற் சொல்லட்டும். பின்னர் மூன்று தோழரை அழைக்கட்டும். அதற்குக் கைத்தொலைபேசியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

இன்று மேடையில் ஆடும் எம் சிறாரின் கைகளில் எந்தப் பொட்டலமும் இராது. அவர்கள் இழுப்பது நமது தேர். வடத்தில் ஒரு கை வைக்க எல்லோரும் வாருங்கள்.