அந்த 30 அடி யாருடையது?

மேற்கே மழை கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில், மலையின் மறுபுறமாகிய ஊவாவில் ஈரமிழந்த கச்சான் வீசுகின்றது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல ஆகிய பகுதிகளில் மானாப் புல் காய்ந்து சருகாகும் காலம் அது. இந்நாட்டுக் காட்டுத்தீ பெரும்பாலும் தானாக மூள்வதன்று. கால்நடைக்கு இளம்புல் வேண்டிக் கொளுத்துவோரும், வேட்டைக்காரரும், அணையாத பீடியை எறிவோருமே அதனை மூட்டுகின்றனர். குப்பைக்குத் தீ வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் செல்லும் நம் கமக்காரரும் இதில் அடங்குவர், சொல்லத்தானே வேண்டும்!

வீட்டைக் காப்பது அரிய வித்தையன்று. தழல் நெருங்குமுன்னரே காற்றில் பறந்து வரும் தணற்பொறிகளாலேயே பல வீடுகள் பற்றுகின்றன. 2009 பெப்ரவரி 7ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 உயிர்களைக் குடித்த நெருப்பிலும் இதுவே கண்டது. ஆகவே கூரைப் பீலியில் பைனஸ் சருகு தங்கலாகாது. சுவரோரம் விறகு அடுக்கலாகாது. வீட்டைச் சுற்றி 30 அடிக்கேனும் காய்ந்த புல் இருத்தலாகாது.

நன்று. ஆனால் லயத்திலே வாழும் தொழிலாளிக்கு அந்த 30 அடி எங்கே? ஒரே கூரையின் கீழ் வரிசையாய்ப் பல குடும்பங்கள். ஓர் அறை பற்றினால் அடுத்த அறைக்கு எத்துணை நேரம் செல்லும்? சுவருக்கு அப்பாலுள்ள மண் தோட்டத்துக்குரியது. மேலேயுள்ள பைனஸ் காட்டை அவன் நட்டானில்லை. தனக்குரிமையில்லா நிலத்தைத் துப்புரவாக்கவில்லையென்று அவனைக் குறை கூறுவது எவ்வகை நீதி?

இன்னொன்று. தீ பெரும்பாலும் பகலிலே பரவும். அவ்வேளை தாய் கொழுந்து மலையில்; குழந்தை பிள்ளைக் காம்பராவில்; முதியவர் லயத்தில். யார் யாரை அழைத்துக்கொண்டு எவ்வழியாக எங்கே சேர்வது என்பதைக் குடும்பந்தோறும் இப்போதே பேசி முடித்தல் வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரங்கள் ஒரே பையில் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும்.

எஞ்சியது நிர்வாகத்தின் கடமை. வைகாசி முடியுமுன் லயங்களுக்கு மேற்புறம் தீத்தடுப்பு எல்லை வெட்டப்படல் வேண்டும். வெட்டுவோருக்கு அந்நாளுக்கான முழுப் பெயரும் போடப்படல் வேண்டும். தோட்டப்புறத்துக்குச் செலவிடச் சட்டம் இடந்தராது என்று பிரதேச சபைகள் முன்னர் கூறிவந்தன. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அச்சாட்டும் ஒழிந்தது. அடுத்த சபைக் கூட்டத்தில் இதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டதென்று நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்பார்களா?