ஏரியும் ஊரும்: பழைய நில அளவைப் படம் கூறும் செய்தி



ஓர் ஊரின் வரலாற்றை அறியக் கல்வெட்டும் ஓலைச்சுவடியுமே துணை என்று எண்ணுவோர் பலர். அவற்றைப் படித்துணரத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் பள்ளியில் புவியியல் பயின்ற எவரும் சிறிது பொறுமையுடன் படித்தறியக்கூடிய சான்று ஒன்று உண்டு. பொறியாளர்கள் 'டோப்போ ஷீட்' என வழங்கும் நில அளவைப் படமே அது. வாலாஜாபாத்துப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அப்படத்தைப் படிக்கும் முறையை இத்திங்கள் காண்போம்.

இப்படங்களின் பிறப்பிடம் நமக்கு மிக அண்மையில் உள்ளது. திருப்பயணிகள் நாடிச் செல்லும் புனித தோமையார் மலையின் அடிவாரத்தில், 1802 ஏப்ரல் 10 அன்று, வில்லியம் லாம்டன் என்னும் படை அலுவலர் நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் நிலத்தை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து பெரும்பாக்கம் வரை ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோடு அளக்கப்பட்டது. அக்கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணங்களை ஒன்றோடொன்று இணைத்தபடி இமயம் வரை அளவை சென்றது. நாடு முழுவதற்குமான படங்கள் அந்த முக்கோணச் சட்டத்தின்மீதே அமைந்தன. அதற்கு முன்னரே, 1763இல் ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கியபின், தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் நிலம், ஏரி, குடிகள் பற்றிய விவரங்களைத் திரட்டியிருந்தார்.

வாலாஜாபாத், ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆகிய மூன்றும் 57 பி/13 என்னும் எண்ணுடைய ஒரே படத்தில் அடங்குகின்றன. நீளமும் அகலமும் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் உள்ள நிலப்பரப்பு அது. பழைய படங்களில் ஒரு மைல் ஓர் அங்குலமாகக் காட்டப்பட்டது. மெட்ரிக் முறை வந்தபின் ஒரு கிலோமீட்டர் இரண்டு சென்டிமீட்டராயிற்று. நீலம் நீரையும், மஞ்சள் பயிர்நிலத்தையும், பச்சை மரமடர்ந்த இடத்தையும், பழுப்பு நிறம் சம உயரக் கோடுகளையும் குறிக்கும். கோயில், மாதாகோவில், பள்ளிவாசல், கல்லறை, கிணறு ஆகியவற்றிற்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. படத்தை விரித்தவுடன் விளிம்பில் அச்சிட்ட ஆண்டை நோக்குக. வெளியிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. நமக்கு வேண்டியது அளந்த ஆண்டே.

அடுத்து ஊர்ப்பெயர்களை நோக்குவோம். வாலாஜாபாத் என்ற பெயரே நவாபின் பட்டத்தால் வந்தது. கம்பெனியின் படைகள் ஒரு காலத்தில் தங்கியிருந்த ஊர் இது. வடக்கே சுங்குவார்சத்திரம் என்னும் பெயர், நெடுஞ்சாலையில் வழிநடந்தோர் இளைப்பாறிய காலத்தை நினைவூட்டுகிறது. அங்குச் செல்லும் சாலையில் உள்ள தென்னேரியின் பெயர் 'திரையன் ஏரி' என்பதன் மரூஉ என்பர். தாங்கல் என்று முடியும் பெயர் சிற்றேரியையும், மங்கலம் என்பது பழைய நிலக்கொடையையும் பெரும்பாலும் சுட்டும்.

எனினும் இப்படம் நமக்குக் கற்பிக்கும் தலையாய பாடம் நீரைப் பற்றியது. ஒருங்கிணைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித்துறைப் பொறுப்பில் மட்டும் 909 ஏரிகள் இருந்தன. படத்தில் ஒவ்வோர் ஏரியின் கரையும் எத்திசையில் உள்ளது என்று பாருங்கள். கரை எப்போதும் தாழ்ந்த பக்கத்திலேயே இருக்கும்; எனவே நிலம் எப்பக்கம் சரிகிறது என்பது உடனே விளங்கும். மேலேரி நிறைந்து கலங்கலில் வழியும் உபரி நீர் ஒரு கால்வாய் வழியே கீழேரியை அடையும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரியை அடையும். தனித்தனியாக நிற்பன போலத் தோன்றும் ஏரிகள் உண்மையில் ஒரு சங்கிலியின் கண்ணிகளே. மயிரிழைபோல் மெல்லிய நீலக்கோட்டால் வரையப்பட்ட அக்கால்வாய்களே அவற்றைப் பிணைப்பன.

அந்த மெல்லிய கோடுகளே இன்று முதலில் மறைகின்றன. 1990களின் இடைப்பகுதி முதல் இருங்காட்டுக்கோட்டையிலும், பின்னர் ஒரகடத்திலும் வாகனத் தொழிற்சாலைகள் எழுந்தன. பல குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது, அது நன்மையே. ஆனால் சாலைகளும் மனைப்பிரிவுகளும் பெருகியபோது, ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் வரத்துக் கால்வாயைக் கால்வாய் என்று கண்டவர் எத்தனை பேர்? 2015 டிசம்பரில் பெருமழை பெய்தபோது ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீரும் அடையாற்று வெள்ளமும் வரதராசபுரம், முடிச்சூர்ப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தன. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கியவர்களே பெரிதும் துன்புற்றனர். நீர் தன் பழைய பாதையிலேயே வந்தது. அப்பாதை எது என்பதைப் பழைய படம் பல்லாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தது.

ஆகவே மனை வாங்க எண்ணும் குடும்பங்கள், பத்திரமும் பட்டாவும் பார்ப்பதோடு, அவ்விடம் பழைய படத்தில் எவ்வாறு உள்ளது என்பதையும் பார்த்தல் நன்று. ஆனால் ஒன்றை மறவாதீர். நில அளவைப் படம் உடைமையின் எல்லையைக் காட்டாது. அதற்குக் கிராம வரைபடமும் புலப்படமும் அ-பதிவேடும் உள்ளன. அவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறியலாம்.

படத்திற்கு வேறு குறைகளும் உண்டு. வாலாஜாபாத்தின் தென்கிழக்கே பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலைப் படம் ஆறுகளாகவும் ஒரு கோயிற் குறியாகவும் மட்டுமே காட்டும். அக்கோயிலை அடைந்து நோக்கினால்தான், பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், அங்கு இயங்கியதைக் கூறும் கல்வெட்டைக் காணலாம். அவ்வாறே, ஏரிக்கரையைப் படம் காட்டும். ஆண்டுதோறும் அக்கரைக்கு மண் சுமந்த ஏழை மக்களின் தலைகளைக் காட்டாது. குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் செய்த அவ்வுழைப்பை 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. 2017இல் தமிழக அரசு மணிமங்கலம் ஏரியில் அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. கரையில் உழைத்தோரின் கதையை முதியோரிடமே கேட்டறிய வேண்டும்.

இதனை ஒரு குடும்பப் பணியாகவே மேற்கொள்ளலாம். இன்றைய படங்கள் இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1950களில் அமெரிக்கப் படைத்துறை அச்சிட்ட படங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்துள்ளது. அவை சிறிய அளவின ஆதலால் பெரிய ஏரிகளையே தெளிவாகக் காட்டும். பழைய படத்தின்மீது மெல்லிய தாளை வைத்து, ஏரிகளையும் கால்வாய்களையும் நீலப் பென்சிலால் பிள்ளைகள் வரையட்டும். இன்றைய சாலைகளையும் கட்டடங்களையும் அதன்மேல் சிவப்பால் வரையட்டும். சிவப்பு எங்கெங்கே நீலத்தை வெட்டுகிறதோ, அந்த இடங்களைத் தாத்தா பாட்டியரிடம் காட்டிக் கேளுங்கள். பங்குத்தந்தையின் இசைவு பெற்று, பழைய திருமுழுக்குப் பதிவேடுகளில் உள்ள ஊர்ப்பெயர்களையும் ஒப்பிடலாம். இன்று வழக்கொழிந்த சிற்றூர் ஒன்றின் பெயர் அங்கே கிடைக்கக்கூடும்.

பின்னர் மழைக்காலம் தொடங்குமுன் ஒருநாள், அத்தாளைக் கையில் ஏந்தி ஏரிக்கரை வழியே குடும்பத்தோடு நடந்து வாருங்கள். கால்வாய் அடைபட்டிருக்கும் இடத்தைக் குறித்து, ஊராட்சிக் கிராம சபையில் எழுத்து வடிவில் தெரிவியுங்கள். முன்னோர் விட்டுச்சென்ற நீர்வழியைப் பின்வருவோருக்குக் குறையாமல் ஒப்படைப்பது நம் தலைமுறையின் கடமையன்றோ!