கைமாறும் நோயாளி

ஐதராபாத் நகரின் அமீர்பேட்டுக்கு மென்பொருள் பயிற்சிக்காக ஆண்டுதோறும் ஏராளமான இளைஞர்கள் வந்து குவிகின்றனர். ஓர் அறையில் நான்கைந்து பேர் தங்கும் விடுதிகள். சில மாதங்களில் முடியும் பயிற்சி. பிறகு பெங்களூருக்கோ சென்னைக்கோ பயணம். ஆனால், காசநோய்க்கான வழக்கமான சிகிச்சையோ ஆறு மாதம். ஒரு நோயாளியைப் பல கைகள் சேர்ந்து பராமரிக்க வேண்டிய அவசியத்தை இந்தக் கணக்கே உணர்த்திவிடும்.

இருமல் தொடங்கியவர் முதலில் நாடுவது மருந்துக்கடையை. அடுத்து தனியார் கிளினிக், ஆய்வுக்கூடம், இன்னொரு கிளினிக். எர்ரகட்டா அரசு நெஞ்சக மருத்துவமனை தொலைவில் இல்லை என்றாலும், அங்கு போய்ச் சேருவதற்குள் பல வாரங்கள் கடந்துவிடக்கூடும். இடையில் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் கொடுத்த மருந்து மற்றவருக்குத் தெரியாது. சிகிச்சை பாதியில் நின்றால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும் ஆபத்து உண்டு; அதற்கான விலையை அறைத்தோழர்களும் கொடுக்க நேரிடும்.

இதற்கு வழியே இல்லை என்று கூறுவதற்கில்லை. வழி காட்டியதே ஐதராபாத்தான். 1995ல் அந்நகரின் மகாவீர் அறக்கட்டளை மருத்துவமனை, சுற்றுவட்டாரத் தனியார் மருத்துவர்களை அரசின் காசநோய்த் திட்டத்துடன் இணைத்தது. சளிப் பரிசோதனை மகாவீரில், மருந்து அரசினுடையது, கண்முன்னே மாத்திரையை விழுங்கச் செய்யும் பொறுப்பு, வீட்டருகே உள்ள சிறு நர்சிங் ஹோம்களுக்கு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, நோயாளியை அனுப்பிவைத்த மருத்துவருக்கே அவரது நிலை குறித்த தகவல் திரும்பச் சென்றது. அனுப்பினால் நோயாளியை இழந்துவிடுவோம் என்ற அச்சம் (வருவாய் பற்றிய கவலைதான், மறைப்பானேன்?) அதனால் தணிந்தது. சுமார் 5 லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியில் புதிய நோயாளிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரின் சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது.

அந்த அனுபவத்தின் சாரத்தை மத்திய அரசு முழுமையாக உள்வாங்கவில்லை. 2012ல் ஒவ்வொரு காசநோயாளி பற்றியும் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு ‘நிக்ஷய்’ கணினிப் பதிவும் வந்தது. தெரிவிக்காதவர் மீது சட்டம் பாயும் என்று 2018 மார்ச்சில் அரசிதழ் அறிவித்தது. தெரிவிக்கும் தனியாருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. ஆனால் பெயரைப் பதிவு செய்வது வேறு, ஆளைப் பின்தொடர்வது வேறு. அமீர்பேட்டில் பதிவான இளைஞர் சென்னைக்கு மாறும்போது கணினியில் பெயர் மாறிவிடும். சென்னையில் அவரைத் தொலைபேசியில் அழைத்து, மறுநாள் மாத்திரை கையில் இருக்கச் செய்ய ஒரு மனிதர் தேவை. அந்தப் பணியோ பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்களின் தலையில் விழுகிறது.

தமிழ்நாடு 2022ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இங்கு கவனிக்கத்தக்கது. உடல் எடை, மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பன போன்ற எளிய சோதனைகள் மூலம் ஆரம்ப சுகாதார நிலையமே நோய் முற்றியவரை அடையாளம் காண்கிறது. படுக்கை வசதியுள்ள மருத்துவமனை உடனே அவரை ஏற்றுக்கொள்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று மத்திய அரசு அறிவித்திருந்தது. உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இன்னமும் இந்தியர். புதிய கெடு ஒன்றை அறிவிப்பதற்கு முன், களப்பணியாளர்களை நிரந்தரமாக்கி, மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நோயாளியை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பை அந்தந்த மாவட்டக் காசநோய் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அமீர்பேட் விடுதிகளில் பரிசோதனை முகாம்களைத் தொடர்ந்து நடத்தும் கடமை தெலங்கானா அரசுக்கும் உண்டு.