நட்சத்திரத்தை எண்ணாதே, ஆளை எண்ணு!

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. எழுந்து நடமாட முடியாத, தானே குளிக்கவும் உண்ணவும் இயலாத முதியோரை வைத்துப் பராமரிக்கும் இல்லத்துக்கு அங்கே அந்தப் பெயர். அத்தகைய இல்லங்கள் ஏறத்தாழ 15,000. அவற்றில் இருப்போர் சுமார் 12 லட்சம் பேர். பத்தில் ஏழு இல்லங்கள் லாபத்துக்காக நடப்பவை. ஆனால் அவற்றுக்குப் போகும் பணத்தில் பெரும் பகுதி சர்க்கார் பணம், அதாவது மக்கள் கட்டிய வரி.

இந்த இல்லங்களின் தரத்தைப் பொதுமக்கள் அறியட்டும் என்று 2008-ல் அமெரிக்க சர்க்கார் ஓர் ஏற்பாடு செய்தது. ஓட்டலுக்குப் போடுவதுபோல ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம்! சர்க்கார் இன்ஸ்பெக்டர்கள் நேரில் கண்டது ஒரு பங்கு. எத்தனை ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பது ஒரு பங்கு. நோயாளிகளின் உடல்நிலை பற்றிய கணக்கு ஒரு பங்கு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னிரண்டையும் பல ஆண்டுகள் எழுதிக் கொடுத்தது யார்? இல்லத்தை நடத்தும் நிர்வாகமே! ஆள் கணக்கும் சோதனைக்கு முந்திய இரண்டே வாரக் கணக்கு. தன் மார்க்கைத் தானே போட்டுக்கொள்ளும் பையன் எந்த வகுப்பில் தோற்றிருக்கிறான்?

2016-ல் சம்பளப் பட்டியலைக் காட்டு என்று சர்க்கார் கேட்டது. சாயம் வெளுத்தது. சனி ஞாயிறுகளில் ஆள் குறைந்துபோவது தெரிந்தது. தேர்ந்த நர்சு ஒருவர்கூட இல்லாத நாட்கள் இருந்தது தெரிந்தது. அப்படிப்பட்ட நாட்கள் ஏழும் அதற்கு மேலும் இருந்த இல்லங்கள், கணக்கே ஒழுங்காகக் காட்டாத இல்லங்கள் என்று ஏறத்தாழ 1,400 இல்லங்களுக்கு 2018-ல் ஆள் கணக்கில் ஒற்றை நட்சத்திரம்தான் கிடைத்தது. நூறு அறிக்கைகள் சொல்லாததை ஒரு சம்பளப் பட்டியல் சொல்லிவிட்டது. இது தொழிலாளிக்குப் புதுச் செய்தியல்ல. மில்லில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மஸ்டர் ரோலைப் பார் என்பது அவன் அறிந்த பாடம்.

நாம் ஏன் ஆள் கணக்கையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி ஷிப்டில் ஓர் ஆயா பதினைந்து பேரைப் பார்க்க வேண்டும் என்றால், ஒருவருக்கு 32 நிமிஷம். அதற்குள் குளிப்பாட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும், வாயில் சோறு ஊட்ட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வைக்கும். அந்த ஆயா எவ்வளவு நல்லவளாக இருந்தால் என்ன? நல்ல மனசு நிமிஷத்தை நீட்டிவிடாது. புண் வந்ததும் பழி மட்டும் அவள் தலையில் விழும்!

கை இல்லாத இடத்தில் கயிறு வருகிறது. முதியோரைக் கட்டிலோடும் நாற்காலியோடும் கட்டிப்போடும் கொடுமை அந்நாட்டில் ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். 1987-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை சட்டம் செய்த பிறகே கயிறு குறைந்தது. ஆனால் மருந்து நிற்கவில்லை! மனநோய்க்குத் தரும் மாத்திரையைக் கொடுத்து மயக்கிக் கிடத்தினார்கள். குறிப்பிட்ட ஒரு மனநோய் உள்ளவருக்குக் கொடுத்தால் அது தரக் கணக்கில் சேராது. எனவே இல்லாத நோயையும் இருப்பதாக எழுதிக்கொண்டார்கள். 2023-ல் இதைத் தணிக்கை செய்ய சர்க்காரே இறங்க வேண்டியதாயிற்று.

எத்தனை ஆள் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாத ரகசியமா? இல்லை. 2001-லேயே சர்க்கார் நடத்திய ஆராய்ச்சி, ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரப் பராமரிப்பு வேண்டும் என்றது. இருபது ஆண்டுகள் அது அலமாரியில் தூங்கியது. இடையில் கோவிட் வந்தது. அந்த இல்லங்களில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முதியோர் மாண்டனர். அதன் பிறகுதான், 2024-ல், பைடன் சர்க்கார் 3.48 மணி என்று ஒரு விதி செய்தது. ஆராய்ச்சி சொன்னதைவிடக் குறைவு! அதையும் முதலாளிகள் பொறுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஏப்ரலில் டெக்ஸாஸ் கோர்ட்டு அதன் முக்கிய ஷரத்துகளை ரத்து செய்தது. ஜூலையில் காங்கிரஸ் சபை அதை 2034 வரை அமல் நடத்தக் கூடாது என்று சட்டமே செய்துவிட்டது.

ஆள் கிடைக்கவில்லை என்பது முதலாளிகள் சொன்ன காரணம். நாம் கேட்கிறோம்: என்ன கூலிக்கு? ஆண்டுக்குச் சராசரி பாதிப்பேர் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்றால், அது ஆள் பஞ்சமா, கூலிப் பஞ்சமா?

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கலாம். வேலைக்காகப் பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் போகிறார்கள். முதியோர் இல்லங்கள் நம் நகரங்களிலும் பெருகிவிட்டன. விளம்பரங்களில் தோட்டமும் கோயிலும் தெரிகின்றன, இரவு ஷிப்டில் எத்தனை பேர் என்பது தெரிவதில்லை. நாம் கண்டித்த அமெரிக்காவிலாவது இன்ஸ்பெக்டர் வருகிறார், சம்பளப் பட்டியல் கேட்கிறார்; அந்த மட்டில் அவர்கள் நமக்கு முன்னால் நிற்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. நம் நாட்டில் 2007-ல் செய்த பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம், ஜில்லாவுக்கு ஓர் இல்லமாவது தொடங்கி, ஆதரவற்ற முதியோர் 150 பேருக்காவது இடம் தரலாம் என்கிறது. ‘தரலாம்’ என்றுதான்! அந்த 150 பேருக்கு எத்தனை ஆயா, எத்தனை நர்சு என்று சட்டம் எண் சொல்லவில்லை. அதை மாநில சர்க்காரின் பொறுப்பில் விட்டுவிட்டது.

ஆகவே தோழர்கள், தாயையோ தந்தையையோ ஓர் இல்லத்தில் விட நேர்ந்தால், காலை பத்து மணிக்குப் போய் வரவேற்பறையைப் பார்த்துத் திரும்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டு வேளையில் போங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். மானேஜரை விட்டு ஆயாவிடம் பேசுங்கள். இங்கே எத்தனை நாளாக வேலை செய்கிறாய், சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா என்று விசாரியுங்கள். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள்.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. அமெரிக்காவில் ஒவ்வொரு இல்லமும் அன்றைய ஷிப்டில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதைக் கண்ணில் படும் இடத்தில் தினமும் எழுதி வைக்க வேண்டும். இங்கேயும் சர்க்கார் இல்லம், தனியார் இல்லம் எல்லாவற்றிலும் வாசலில் ஒரு கரும்பலகை வைக்கச் சொல்லுங்கள். அதில் முதியோர் எத்தனை, ஆட்கள் எத்தனை, அவர்களுடைய சம்பளம் எவ்வளவு என்று ஷிப்டுக்கு ஷிப்டு எழுதட்டும்.