2.675 ஏன் 2.67 ஆகிறது?

ஏறாவூரில் வாவி இறால் விற்கும் கடையொன்றுக்கு, பில் போடும் செய்நிரலைச் சி மொழியில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தராசு காட்டுவது 2.675 கிலோ. அதைத் தட்டி, இரண்டு தசமதானத்துக்கு மட்டந்தட்டச் சொன்னால் திரையில் 2.67 வருகிறது. பள்ளிக்கூடக் கணக்குப்படி 2.68 அல்லவா வரவேண்டும்?

சி மொழியைக் குறைசொல்ல இதில் எதுவுமில்லை. நீங்கள் தட்டியது எண்ணே அல்ல, ஐந்து எழுத்துகள். அவற்றை எண்ணாக்கும்போது கணினி துவிதத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால், எழுதுகிறது. நம் முன்னோர் சொன்ன அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் பாதி பாதியாகப் பிளந்து வந்தவை. துவிதத்தில் அவை பிசகாமல் நிற்கும். மா என்பதோ இருபதில் ஒன்று. அதற்குள் ஐந்து ஒளிந்திருக்கிறது. எத்தனை தரம் பாதியாக்கினாலும் அதை எட்ட முடியாது. பத்தில் ஒன்றும் அப்படித்தான். 2.675 என்று நீங்கள் கொடுத்தது டபிள் வகை மாறியில் 2.67499999999999982… என்று பதிகிறது. பாதிக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆகவே 2.67 என்ற விடை சரியே.

நூறால் பெருக்கி, மட்டந்தட்டி, மீண்டும் நூறால் வகுக்கும் குறுக்குவழியைப் பலர் கையாள்கிறார்கள். 2.675க்கு அது தற்செயலாகப் பலிக்கும். 1.005ஐக் கொடுத்துப் பாருங்கள்: பெருக்கம் 100.49999999999999 ஆகி, 1.01க்குப் பதில் 1.00 வரும்.

இந்த மயிரிழை சேரச் சேரப் பெரிதாகும். 1991 பெப்ரவரி 25இல் சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, எதிரி ஏவுகணையைத் தவறவிட்டு 28 படையினர் மாண்டனர். பத்தில் ஒரு வினாடியைத் துவிதத்தில் வெட்டி வைத்ததால், நூறு மணி நேர ஓட்டத்தில் அதன் கடிகாரம் ஏறக்குறைய 0.34 வினாடி பிசகியிருந்தது.

எழுத்தை எண்ணாக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ஏடோஃப் என்ற சார்புக்கு ‘இறால்’ என்று கொடுத்தாலும் பூச்சியம், ‘0’ என்று கொடுத்தாலும் பூச்சியம். எது பிழையென்று அது சொல்லாது. ஸ்டிர்டோடி என்ற சார்போ, தான் எந்த எழுத்தில் நின்றது என்பதையும் காட்டும். ‘1,250.50’ என்று விலையைத் தட்டினால் வழமையான அமைப்பில் அது காற்புள்ளியில் நின்று 1 என்ற எண்ணைத் தரும். நின்ற இடத்தைப் பார்க்காத செய்நிரல், ஆயிரத்துச் சொச்ச ரூபாய்ப் பொருளை ஒரு ரூபாய்க்கு விற்றுவிடும்.

இலங்கையில் 1872இலேயே ரூபாய் நூறு சதமானது. நமக்குப் பழகிய அந்தச் சதமே இங்கு கைகொடுக்கும். ரூபாயைச் சதமாக எண்ணுவதுபோல, புள்ளிக்கு முன்னுள்ள இலக்கங்களையும் பின்னுள்ளவற்றையும் எழுத்தாகவே பிரித்து வாசித்து, 2.675 கிலோவை 2675 கிராம் என்ற முழுவெண்ணாக வையுங்கள். ஐந்தைக் கூட்டிப் பத்தால் முழுவெண்ணாக வகுத்தால் 268, அதாவது 2.68 கிலோ. மயிரிழைக்கு அங்கே இடமில்லை.

வந்தாறுமூலை வளாகத்திலும் ஏறாவூர் வகுப்புகளிலும் சி படிக்கும் பிள்ளைகளே, காசைச் சதமாகவும் நிறையைக் கிராமாகவும் வைத்துக் கணக்குப் பாருங்கள். புள்ளியை அச்சிடும்போது போட்டால் போதும்.