கெலா மீனுக்கு மாதம் பார்த்துப் போங்கள்

கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் மகன் புதுமாதிரித் தூண்டில் ஒன்றை வாங்கி வந்துவிட்டானாம். புழுவும் கிடையாது, ஈயக் குண்டும் கிடையாது. முள்ளில் இறகு கட்டியிருக்கிறதாம். "ஆண்டிறுதி விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பகாங் தாமான் நெகாராவில் கெலா பிடிக்கலாம் என்கிறான். எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்புழுவும் விராலும்தான். போகலாமா?" என்று கேட்கிறார்.

தாராளமாகப் போகலாம், ஐயா. ஆனால் ஆண்டிறுதியில் வேண்டாம்.

நம்மவர்கள் செய்யும் தவறே இதுதான். பல ஆண்டுகளாக நமக்கு நீண்ட பள்ளி விடுமுறை என்றால் நவம்பரும் டிசம்பரும்தான். வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையையும் பகாங்கையும் பிடித்துக்கொள்ளும் காலமும் அதுவே. மேற்குக் கரையில் இருக்கும் நமக்கு மழை என்றால் மாலையில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும் மழை. அங்கே அப்படியில்லை. நாள்கணக்கில் பெய்யும். தெம்பெலிங் ஆறு தேத்தண்ணீர் நிறத்தில் கரை தொட்டு ஓடும். நானும் ஒரு டிசம்பரில் ஆசையாகக் கிளம்பிப் போனவன்தான். மூன்று நாள் கூரைக்கடியில் உட்கார்ந்து சார்டின் தின்றுவிட்டு, தூண்டிலை உறையிலிருந்து எடுக்காமலேயே வீடு திரும்பினேன். என் வீட்டுக்காரி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். என் கதையாவது சிரிப்போடு போயிற்று. 2014 டிசம்பர் பெருவெள்ளத்தில் குவாலா தாஹானில் சுற்றுப்பயணிகள் சிக்கிக்கொண்டு, அவர்களை மீட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் என்ன செய்தது என்பதைக் கிள்ளான்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி, மார்ச், அதை விட்டால் ஜூலை, ஆகஸ்ட். இந்த மாதங்களில் ஆறு வடிந்து தெளிந்திருக்கும். மகனை இப்போதே லீவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அதுவரை அந்தத் தூண்டில் சும்மா இருக்க வேண்டாம். இந்த ஃபிளை ஃபிஷிங்கில் சூட்சுமம் ஒன்று உண்டு. நம் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதிலோ இறகுக்குக் கனமே கிடையாது. தடித்த கயிறு ஒன்று இருக்கிறதே, அதன் கனம்தான் இறகைக் கொண்டுபோய்ப் போடும். பின்னால் வீசி, கயிறு முழுதும் நீளும் வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுமை வருவதற்குள் தோள் கழன்றுவிடும். ஆகவே முள்ளைக் கழற்றிவிட்டு, நுனியில் கொஞ்சம் கம்பளி நூல் கட்டி, தோட்டத்துத் திடலில் தினமும் அரை மணி நேரம் வீசிப் பழகட்டும். பழக்கம் இல்லாதவன் கையில் முள்ளும் சேர்ந்தால், மாட்டுவது பேரப்பிள்ளையின் காதாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். மண்புழுதான் தெரியும் என்று கூச்சப்படாதீர்கள். தாமான் நெகாரா ஆற்றங்கரைகளில் நெராம் என்றொரு மரம் தண்ணீர்மேல் சாய்ந்து நிற்கும். அதன் காய் விழும் இடத்தில் கெலா காத்திருக்கும். பழந்தின்னி மீன் அது. நம் செம்பனைப் பழம் இருக்கிறதே, கெலாவுக்கு அதுவும் பிடித்த இரை. மலாய்க்காரத் தூண்டில்காரர்கள் அதைத்தான் முள்ளில் குத்திப் போடுவார்கள். பழுத்த செம்பனையின் நிறமும் பருமனும் மகனுக்கு உங்களைவிடத் தெரியுமா? அவனுக்குக் கட்டத் தெரியும். எப்படிக் கட்ட வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்த மரத்தடியில் மீன் நிற்கும் என்று பார்க்கும் கண்ணும், விரால் பிடித்த உங்களுக்குத்தான் இருக்கும்.

போகும் வழி சிரமமில்லை. காராக் சாலையில் போய் ஜெராண்டுட் சேர வேண்டும். அங்கிருந்து குவாலா தெம்பெலிங்கில் படகு ஏறினால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஆற்றுப் பயணம். இப்போது குவாலா தாஹான் வரை சாலையும் இருக்கிறது. போனதும் பூங்கா அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த மடுவில் மீன் பிடிக்கலாம், எதில் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாஹான் ஆற்றில் லுபோக் தெனோர் என்ற மடு மீன்களுக்கான சரணாலயம். அங்கே தூண்டில் போடவே கூடாது. கெலா காலுக்கடியில் சுற்றும். பார்க்கலாம், இரை போடலாம், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் நடுப்பாறையில் நின்று வீசுவது இந்தத் தூண்டிலில் பெரிய ஆசை. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்' என்பார்களே, அந்தத் திடீர் வெள்ளம் சில நிமிடங்களில் வந்துவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தாலும், மேலிருந்து இரைச்சல் கேட்டாலும் தூண்டில் போனால் போகட்டும் என்று மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பாறையில் உட்கார வைக்கவே வேண்டாம். கரையில் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கெலா அகப்பட்டால் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். மெதுவாக வளரும் மீன் அது. பல ஆறுகளில் அருகிவிட்டது. மீன் குழம்பு இல்லாமல் எப்படித் திரும்புவது என்று வீட்டில் கேட்டால், வரும் வழியில் தெமர்லோவில் வண்டியை நிறுத்துங்கள். தெம்போயாக் போட்ட பாத்தின் குழம்பு அங்கே பெயர் போனது.