நாற்பது வளைவுகள் யாருக்கு?

ஞாயிறு விடிகாலையில் ஆழியாறு சோதனைச் சாவடியருகே நின்றால் ஒரு காட்சி பார்க்கலாம். கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வந்த சைக்கிள்காரர்கள் தலைக்கவசமும் இறுக்கமான சட்டையுமாக மலையேறப் புறப்படுவார்கள். அங்கிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ என்னுமிடத்தில், மூச்சு வாங்க நின்று கீழே அணையைப் படம் பிடித்துக்கொள்வார்கள். வரையாடு கண்ணில் பட்டால் அதையும் விடமாட்டார்கள்.

பிடிக்கட்டும். சைக்கிள் மிதிப்பவனோடு நமக்குச் சண்டையில்லை. சைக்கிள் புகை கக்காது. ஹாரன் அடித்து யானையை மிரட்டாது. மாதாமாதம் மிச்சம் பிடித்து வாங்கிய சைக்கிளோடு நம் மில் பிட்டர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும்.

நம் சண்டை, இந்தக் காட்சியைக் காட்டி வியாபாரம் பேசும் கனவான்களோடு. தேயிலைக்கு இனி எதிர்காலம் இல்லையாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பைன் மரக்காட்டைக் காட்டிக் காசு பார்ப்பதைப் போல, வால்பாறையிலும் காட்டுக்குள்ளே சைக்கிள் பாதைகளும் விடுதிகளும் வந்துவிட்டால் தொழிலாளி பிழைத்துக்கொள்வானாம். தொழிலாளியைக் கேட்டார்களா?

பைன் மரம் இந்த மண்ணின் மரமா? வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டது. வால்பாறையின் கதையும் ஏறக்குறைய அதுதான். சாலையிலிருந்து பச்சைப் பசேலென்று தெரிவதில் பெரும்பகுதி காடே அல்ல. மழைக்காட்டை வெட்டிச் சாய்த்து நட்ட தேயிலை. அதற்கு நிழல் தரச் சில்வர் ஓக். தேயிலை ஆலையின் அடுப்புக்குத் தைல மரம். ‘இயற்கை எழில்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அது நம் பாட்டன் பாட்டியின் உழைப்பு!

அந்தப் பாட்டன் எப்படி இங்கே வந்தான்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துரைமார்கள் ஆனைமலையில் தோட்டம் போட்டார்கள். வறண்ட சீமைகளில் பசித்துக் கிடந்தவர்களின் கையில் கங்காணி முன்பணத்தைத் திணித்து அழைத்து வந்தான். கடன் தீரவில்லை. மலேரியா காய்ச்சல் கூட்டம் கூட்டமாகத் தின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்து தொழிலாளர் பக்கம் நின்ற பி.எச். டேனியல் இதையெல்லாம் 1969-இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கித் தந்திருக்கிறார். மில் கேட்டில் ஒரு பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். சினிமா பார்த்தால் போதாது. சாலை போட்ட என்ஜினியர் லோமின் பெயர் ஒரு வளைவில் நிற்கிறது. கார்வர் மார்ஷ் துரை சாலையோரம் சிலையாக நிற்கிறார். பாறையை உடைத்தவன் பெயர் எந்த வளைவில் இருக்கிறது?

இன்றைய நிலைக்கு வருவோம். 2001 கணக்கெடுப்பில் வால்பாறையில் சுமார் 95,000 பேர். 2011-இல் சுமார் 71,000. பத்தே ஆண்டுகளில் நாலில் ஒருவர் குறைந்துவிட்டார்! மலையிறங்கியவர்கள் எங்கே என்று திருப்பூர் பனியன் கம்பெனிகளில் போய்க் கேளுங்கள். அவர்கள் காலி செய்த லயன் வீடுகளில் இன்று ஜார்கண்ட், அஸ்ஸாம் தொழிலாளிகள் குடியிருக்கிறார்கள். 2025 ஜூனில் ஒரு ஜார்கண்ட் தம்பதியின் சிறுமியைச் சிறுத்தை கவ்விச் சென்றது. சிறுத்தையிடம் நியாயம் பேச முடியாது. ஆனால் லயன் வாசலுக்கு ஒரு விளக்கு, சுற்றியுள்ள புதரை வெட்ட நாலு ஆள் என்பதை எந்தச் சுற்றுலாத் திட்டத்திலாவது முதல் வரியில் கண்டதுண்டா? முடியாத காரியமும் அல்ல. யானை நிற்கும் இடத்தைக் கைபேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்காலும் தெரிவிக்கும் ஏற்பாட்டை இதே வால்பாறையில் வனவிலங்கு ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாம் முதலாளியின் கடமை என்று சொன்னது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். போராடிப் பெற்ற அந்தச் சட்டத்தை 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். சட்டம் கரைகிற நேரத்தில் சைக்கிள் பாதையைப் பற்றிப் பேசுவது யாருக்கு வசதி?

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோம். அந்த மான்செஸ்டரின் கதை ஒன்றும் கேளுங்கள். அவ்வூருக்கு அருகே கிண்டர் ஸ்கவுட் என்றொரு மேட்டுநிலம். பிரபுக்கள் பறவை சுடுவதற்காக அதை அடைத்து வைத்திருந்தார்கள்; ஆறு நாளும் ஆலைப் புகையில் வெந்தவன் ஏழாம் நாள் அங்கே காலார நடக்கக் கூடாது. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான இளந்தொழிலாளர் தடையை மீறி ஏறினார்கள். தலைமை தாங்கிய பென்னி ரோத்மன், இருபது வயது கம்யூனிஸ்ட், ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று தெரிந்து சைக்கிளிலேயே போய்ச் சேர்ந்தார்! ஐந்து பேருக்குச் சிறை. ஆனால் 1951-இல் அப்பிரதேசம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவில் சேர்ந்தது. ஜெர்மனியில் 1896-இல் தொழிலாளர் தமக்கென்றே ‘ஒற்றுமை’ என்ற சைக்கிள் சங்கம் அமைத்தார்கள். 1933-இல் ஹிட்லர் ஆட்சி அதைத் தடை செய்தது. சைக்கிள் கனவான்களின் பொம்மையாய் இருந்திருந்தால் ஹிட்லர் ஏன் அதற்கு அஞ்சினான்?

மலையும் காடும் நமக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

சைக்கிளைப் போற்றுகிறவர்கள் சைக்கிள் செய்தவனை எப்படி நடத்தினார்கள்? ஐக்கிய நாடுகள் சபை 2018-இல் ஜூன் 3-ஐ உலக சைக்கிள் தினமாக அறிவித்தது. 2020-இல் அதே ஜூன் 3 அன்றுதான் உத்தரப் பிரதேசம் சாகிபாபாத்தில் அட்லஸ் கம்பெனி தன் கடைசி ஆலையை மூடியது. காலையில் வேலைக்கு வந்தவர்கள் வாசலில் நோட்டீசைப் பார்த்தார்கள். இன்று ஒரு லட்சத்தைத் தாண்டும் சைக்கிள்கள் கடைகளில் நிற்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண் அத்தனை பணம் சேர்க்க, ஒரு வேளைச் சோறும் தின்னாமல், ஆண்டில் பாதிக்கு மேல் அட்டைக்கடியோடு சரிவில் நிற்க வேண்டும்.

ஆகவே, பாதை போடுவதானால் போடுங்கள். எங்கே போடுவது என்று தோட்டத் தொழிலாளியைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். காடரும் மலசரும் முதுவரும் வாழும் குடியிருப்புகளின் வழியே போவதானால், 2006 வன உரிமைச் சட்டப்படி அவர்கள் கிராம சபையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். விடுதி கட்ட லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். சர்க்கார் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. கியர் இல்லாத அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு பிள்ளை லயனிலிருந்து பள்ளிக்கூடம் போய் இருட்டுமுன் திரும்ப முடிகிறதா? பாதை அளக்க நாடாவோடு வருகிறவர்கள் முதலில் அந்த வழியை அளக்கட்டும்.